இடுப்பில் எழுதிய சிங்கம்

ஜெயலெட்சுமியின் வாயில் ஒரு சங்கதி தங்காது. இது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான மேற்பிரிவு லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மகன் நிமலன் வயிற்றில் உண்டானபோது, புருஷனுக்குச் சொல்வதற்கு முன்னால் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அத்தனை பெண்களுக்கும் சொல்லி, கங்காணிக்கும் சொல்லி, கொழுந்து நிறுக்க வந்தவருக்கும் சொல்லிவிட்டாள். தேயிலைத் தொழிற்சாலையில் நின்ற புருஷனுக்கு லொறி டிரைவர்தான் வாழ்த்துச் சொன்னார். "எனக்குப் பிள்ளை பொறக்கப் போறத நான் லொறிக்காரன்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்" என்று அவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்டவளுக்கு, மருமகள் சுதர்ஷினி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? கல்யாணமாகி மூன்று வருசம் ஏங்கிக் காத்திருந்து வந்த பிள்ளை. பதுளை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள். ஏழாம் மாசம் வளைகாப்பு என்று நாள் குறித்ததும், கண்ணாடி வளையலை இப்போதே வாங்கி வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் குலுக்கிக் காட்டினாள்.

அந்த நேரம் பார்த்து அவளுக்கு வலப்பக்க இடுப்பில் எரிச்சல் பிடித்தது. கொழுந்துக் கூடை இடித்த வலி என்று முதலில் நினைத்தாள். பிறகு முதுகுத்தண்டிலிருந்து தொப்புள் வரைக்கும், பாதி ஒட்டியாணம் கட்டியது போல, தண்ணீர் கோத்த கொப்புளங்கள் வரிசையாகக் கிளம்பின. இடப்பக்கம் ஒன்றுகூட இல்லை.

"அக்கிதான். உடம்புச் சூடு" என்று லயமே தீர்ப்புச் சொன்னது.

கீழ் லயத்தில் அக்கி எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். காவிக் கல்லை உரைத்து, கொப்புளங்களைச் சுற்றி ஒரு சிங்கத்தை எழுதிவிட்டார். பார்க்க வந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இது சிங்கமா? பால் குடிக்க வந்த பூனை மாதிரியில்ல இருக்கு!"

"சிரிக்காதீங்கடி, சிரிச்சா இழுக்குது" என்று ஜெயலெட்சுமி இடுப்பைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

அம்மை போட்டிருந்தால் சங்கதியே வேறு. வேம்பு வளராத இந்த மலைக்கு மொனராகலைப் பக்கமிருந்து யாராவது பஸ்ஸில் கொண்டுவரும் வேப்பிலை வாசலில் தொங்கும். வெளியாள் உள்ளே கால் வைக்க மாட்டார்கள். மூன்று தண்ணீர் ஊற்றி மாரித்தாயை வழியனுப்பும் வரை வீடு அடங்கியிருக்கும். அக்கிக்கு வேப்பிலையும் கிடையாது, ஒதுக்கமும் கிடையாது. சூட்டில் வருவது சூடு தணிந்தால் போய்விடும், அவ்வளவுதான். ஆகவே அவள் வழக்கம் போல ரொட்டி தட்டினாள், துணி துவைத்தாள். ஆட்டோ ஓட்டுகிற நிமலன் வீடு வரப் பிந்துகிற நாட்களில் மருமகள் பக்கத்திலேயே படுத்தாள். மாலையானால் சுதர்ஷினியை முன்னால் உட்காரவைத்து, முதுகுக்கு எண்ணெய் தேய்த்து, தலை வாரிவிட்டாள். உரசி உடைந்த கொப்புளத்தைத் தொட்ட கை, அப்படியே எண்ணெய்க் கிண்ணத்துக்குப் போனது. அவளுக்கு அது ஒரு விசயமாகவே தோன்றவில்லை.

தலை வாரும்போதெல்லாம் சுதர்ஷினியின் இடது காதுக்குப் பின்னால் ஒரு சின்னக் குழி விரலில் தட்டுப்படும்.

"இது என்னடி, மிளகு பதிஞ்ச மாதிரி?"

"தோடு குத்தினப்ப பழுத்த தழும்பு மாமி. அம்மா அப்படித்தான் சொல்லுவாங்க."

அந்தப் புதன்கிழமை குடும்பநல மாது யோகமலர் வீட்டுக்கு வந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண். இந்த மலைக்கு மாற்றலாகி வந்து வருசங்களாகியும் அவளுடைய பேச்சு மாறவில்லை. சுதர்ஷினியின் வயிற்றை அளந்து, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டுச் சந்தோசமாகத் தலையாட்டியவள், தேத்தண்ணீர் கொண்டுவந்த ஜெயலெட்சுமியின் சேலையில் காவி படிந்திருப்பதைப் பார்த்தாள்.

"இதென்ன அக்கா, இடுப்பில?"

"அக்கி மிஸ். சிங்கம் எழுதியிருக்கு, பாக்குறீங்களா?" ஜெயலெட்சுமி பெருமையோடு சேலையை விலக்கினாள்.

யோகமலரின் முகம் மாறிவிட்டது. தேத்தண்ணீரை வாங்காமலே எழுந்தாள்.

"அக்கா, உங்களுக்குச் சின்ன வயசில அம்மை வந்ததோ?"

"வந்துச்சே! பத்து வயசுல. வேப்பிலை மேலதான் படுக்கப் போட்டாங்க."

"அந்தக் கிருமி போகேல்லை அக்கா. அம்மை மாறினாப் பிறகும் உங்கட நரம்புக்குள்ள போய்ப் படுத்திருந்தது. வயசு போக, உடம்பு களைக்க, இப்ப ஒரு நரம்பைப் பிடிச்சுக்கொண்டு வெளியில வந்திருக்கு. அதாலதான் ஒரு பக்கம் மட்டும் கோடு பிடிச்ச மாதிரி. அதுவும் இதுவும் ஒரே கிருமிதான்."

ஜெயலெட்சுமி வாயைப் பிளந்தாள். மூன்று தண்ணீர் ஊற்றி, தேங்காய் உடைத்து அனுப்பி வைத்த தாய் இத்தனை வருசமாகத் தன் இடுப்புக்குள்ளேயே இருந்தாளா? கூடையோடு மலையேறினாளா? கல்யாணத்துக்கு வந்தாளா? இதைப் பீலியடியில் தண்ணீர் பிடிக்கிற பெண்களுக்கு உடனே சொல்லவேண்டும் என்று அவளுக்கு நாக்கு துடித்தது.

ஆனால் யோகமலர் அவளை விடவில்லை. "அக்கி உள்ள ஆளிட்ட இருந்து இன்னொராளுக்கு அக்கி தொத்தாது. ஆனா கொப்புளத் தண்ணி பட்டா, அம்மை வராத ஆளுக்கு அம்மை வரும். அம்மை மூச்சுக்காத்திலயும் பரவும். உங்கட அக்கி அப்படியில்லை, மூடிக் கட்டினாப் பயம் குறைவு. நீங்கள் கட்டேல்லை. சுதர்ஷினி, உமக்கு அம்மை வந்ததோ?"

"இல்ல மிஸ்" என்றாள் சுதர்ஷினி. "வந்ததே இல்லன்னு அம்மா சொல்லுவாங்க."

அது ஊரறிந்த கதை. பெண் பார்க்கப் போன அன்றைக்கே சம்பந்தி புஸ்பராணி அதைச் சொல்லித்தான் பெருமையடித்தாள்: "என் மகளுக்கு அம்மைகூட வந்ததில்ல. உடம்புல ஒரு தழும்பு பாக்க முடியாது."

"பிள்ளைத்தாய்ச்சிக்கு அம்மை வந்தா தாய்க்கும் கூடாது, பிள்ளைக்கும் கூடாது" என்றாள் யோகமலர். "பயப்பிடாதேங்கோ, இப்ப மருந்துகள் இருக்கு. நாளைக்கே ரெண்டு பேரும் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. தனித்தனியாப் போங்கோ."

ஜெயலெட்சுமி தன் கைகளைப் பார்த்தாள். எண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துப்போய் வெளியே கொட்டினாள்.

மறுநாள் காலை நிமலன் மனைவியை ஆட்டோவில் ஏற்றிப்போனான். ஜெயலெட்சுமி பஸ்ஸில் போனாள். ஆஸ்பத்திரியில் அவளுடைய சிங்கத்தைக் கழுவித் துடைத்து, வெள்ளைத் துணியால் மூடிக் கட்டி, மாத்திரையும் கொடுத்தார்கள். கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரைக்கும் மருமகளைத் தொடக்கூடாது என்றார்கள். சுதர்ஷினியிடம் இரத்தம் எடுத்தார்கள். அவள் உடம்பில் அம்மையை எதிர்க்கிற சக்தி இருக்கிறதா என்று அதில் தெரியுமாம். ஆனால் கொழும்புக்கு அனுப்பி முடிவு வரச் சில நாள் ஆகும்.

"இன்றைக்கு வார்டில இருக்கட்டும்" என்றார் பெரிய டொக்டர் அம்மா. "காத்திருக்காம மருந்து தொடங்கலாமா என்று நாளைக்குக் காலையில யோசிப்பம். சின்ன வயசில அம்மை வந்ததை நிச்சயமாக் கண்ட ஆள் யாரும் இருந்தா எனக்குப் பெரிய உதவி. விசாரிச்சுப் பாருங்க."

நிமலன் கொஸ்லந்தைக்குப் போன் போட்டு மாமியாரிடம் கேட்டான். ஆஸ்பத்திரி வராந்தாவின் அந்தப் பக்கம் நின்ற ஜெயலெட்சுமிக்கே புஸ்பராணியின் குரல் கேட்டது.

"பெத்தவளுக்குத் தெரியாதா? வரல, வரல, வரல! உங்கம்மா கையால எம்புள்ளைக்கு ஏதாவது ஆச்சு, நான் சும்மா இருக்க மாட்டேன்! வளைகாப்பாம் வளைகாப்பு!"

ஜெயலெட்சுமிக்கு அந்தத் திட்டு உறைக்கவில்லை. வேறொன்று உறைத்தது. பெத்தவள், சரி. ஆனால் பெத்தவள் எங்கே இருந்தாள்? சுதர்ஷினிக்கு மூன்று வயசாகும்போது குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன புஸ்பராணி, அவள் பள்ளிக்கூடம் போன பிறகுதானே திரும்பி வந்தாள்? நடுவில் நடந்ததை அவள் எந்தக் கண்ணால் பார்த்தாள்? பிள்ளையை வளர்த்த அப்பா ரெங்கசாமி செத்துப்போனார். ஆனால் அந்த லயம் அங்கேதானே இருக்கிறது!

காதுக்குப் பின்னால் இருந்த குழி அவள் விரல் நுனியில் திரும்பவும் தட்டுப்பட்டது போல இருந்தது. தோடு குத்தினால் காது மடல்தானே பழுக்கும்? காதுக்குப் பின்னால் எலும்பு மேலா பழுக்கும்?

"நிமலா, போனை எடுத்து வச்சுக்க. நான் கொஸ்லந்தைக்குப் போறேன்!"

"இப்பவா? மருந்து கட்டியிருக்கீங்க!"

"மூடிக் கட்டியிருக்கு, மிஸ் சொன்ன மாதிரி. வாயக் கட்டலயே!"

பண்டாரவளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து வெல்லவாய பஸ். யாரும் உரசாதபடி வலப்பக்கத்தை ஜன்னலோரம் வைத்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு வளைவிலும் இடுப்பில் நெருப்பு வைத்தது. பல்லைக் கடித்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பெரகலை தாண்டி மலை பள்ளத்தில் சரிந்து, கீழே வெயில் நாடு விரிந்து தெரிந்ததும், பஸ் நிற்பதற்கு முந்தியே எழுந்து கதவடியில் போய் நின்றாள்.

அவள் போய்ச் சேர்ந்த நேரம் பெண்கள் மலையிலிருந்து இறங்கி, லயத்துப் பீலியடியில் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். புஸ்பராணி வாசலில் இருந்து பார்த்துவிட்டாள்.

"வந்துட்டீங்களா? இங்க யாருக்குத் தொத்த வைக்க வந்தீங்க சம்பந்தி?"

"பேசுங்க, எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க. அதுக்கு முந்தி ஒண்ணு கேக்கணும்" என்ற ஜெயலெட்சுமி பீலியடிப் பக்கம் திரும்பினாள். மலைக்கு மலை கேட்கும் தன் குரலை முழுசாகத் திறந்தாள். "அக்காமாரே! தங்கச்சிமாரே! இவங்க குவைத்துல இருந்தப்ப சுதர்ஷினிக்கு அம்மை போட்டுச்சா இல்லையா? வயித்துல இருக்கிற பிள்ளைக்காகக் கேக்குறேன், பாத்தவங்க சொல்லுங்க!"

குடத்தில் விழுந்த தண்ணீரின் சத்தம் மட்டும் கேட்டது. ஒருத்தி கீழே பார்த்தாள். ஒருத்தி வானத்தைப் பார்த்தாள். ஒரு குடம் நிரம்பி வழிந்தது, குடத்துக்காரி எடுக்கவில்லை.

"பாத்தீங்களா? ஒருத்தியும் பேசல. வந்திருந்தாத்தானே சொல்லுவாங்க" என்றாள் புஸ்பராணி.

ஜெயலெட்சுமி அப்படி நினைக்கவில்லை. இல்லாத ஒன்றைக் கேட்டால் மனிதர்கள் 'இல்லை' என்று சொல்வார்கள். இப்படிக் கண்ணை ஒளிக்க மாட்டார்கள். வாயை மூடி வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? இந்தப் பெண்கள் எதையோ விழுங்கிக்கொண்டு நிற்கிறார்கள்!

"ஏன் பேச மாட்டேங்குறீங்க? யாரு உங்க வாயக் கட்டினது?"

குடத்துக்காரி மெல்லச் சொன்னாள்: "சத்தியம் பண்ணியிருக்கு அக்கா. மாரியம்மா முன்னால. எங்களால சொல்ல ஏலாது."

"என்ன சத்தியம்? யாருக்குப் பண்ணீங்க?" புஸ்பராணி வாசலிலிருந்து இறங்கி வந்தாள்.

அப்போது ரோட்டோரக் கடையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. லத்தீப் நானா. முப்பது வருசமாக அந்த லயத்துக்கு அரிசியும் மாவும் விற்கிறவர். கல்லாவை விட்டு எழுந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

"அவங்க எல்லாரும் சத்தியம் பண்ணினாங்க. நான் பண்ணலையே" என்றார். "நான் அரிசி மட்டும்தான் போட்டேன்."

"என்ன அரிசி நானா?"

"மடிப்பிச்சை அரிசி. பிள்ளைக்கு அம்மை எறங்கினா தாய்க்காரி வீடு வீடா மடியேந்தி அரிசி வாங்கி, கோயில்ல பொங்கி வைக்கிறதுதானே உங்க வழக்கம்? தாய் குவைத்துல. பொம்பள மடிதான் செல்லும்னு பூசாரி சொல்லிட்டாரு. ரெங்கசாமி என்ன பண்ணினாரு தெரியுமா? புஸ்பராணி, உன்னோட பச்சைச் சீலைய மஞ்சத் தண்ணியில நனைச்சுத் தோள்ல போட்டு, முந்தானைய விரிச்சுக்கிட்டு என் கடை வாசல்ல வந்து நின்னாரு. மீசையும் முந்தானையுமா! நான் சிரிச்ச சிரிப்புல அரிசி பாதி கீழ கொட்டிருச்சு. 'சிரிங்க நானா, ஆனா போடுங்க'ன்னு கண்ணுல தண்ணியோட நின்னாரு."

அவ்வளவுதான், அணை உடைந்தது. மறைக்க இனி என்ன இருக்கிறது? பீலியடி முழுவதும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கியது.

"தலையிலருந்து கால் வரைக்கும் முத்து!"

"எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்த மாசந்தான் போட்டுச்சு, பாதி லயமே படுத்துச்சே!"

"காதுக்குப் பின்னால ஒண்ணை அவ சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாக்கிட்டா!"

"காதுக்குப் பின்னால!" என்று ஜெயலெட்சுமி கத்தினாள். "அந்தக் குழி! இடது காதா?"

"இடது காதுதான்!"

"எனக்கு ஏன் சொல்லல?" புஸ்பராணியின் குரல் கிறீச்சிட்டது. "நான் மாசா மாசம் போன் பேசினேனே!"

"சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வரத் துடிச்சிருப்ப" என்றாள் குடத்துக்காரி. "அவளை அங்க விடமாட்டாங்க, பாஸ்போட்டைப் புடுங்கி வச்சிருக்காங்க, அவ அழுதே செத்துருவான்னு ரெங்கசாமி அண்ணன் சொன்னாரு. நீ வந்தப்புறமும் சொல்லக்கூடாதுன்னு கோயில்ல வச்சுச் சத்தியம் வாங்கிட்டாரு. பக்கத்துல இல்லையேன்னு நீ காலத்துக்கும் நொந்துக்குவியாம்."

புஸ்பராணி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "அந்தப் பச்சைச் சீலை" என்றாள். "நான் வந்து பாத்தா முந்தானையெல்லாம் மஞ்சக்கறை. யாருக்குக் கொடுத்தீங்க, எவ கட்டினான்னு அந்த மனுசனோட சண்டை பிடிச்சேன். ஒரு வார்த்தை சொல்லலையே." அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

ஜெயலெட்சுமிக்கு அவளைக் கட்டிப்பிடிக்கத்தான் கை எழுந்தது. பிறகு இடுப்பு ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டாள். "சம்பந்தி, உங்களுக்கு அம்மை வந்திருக்கா?"

"சின்ன வயசுல வந்துச்சு."

"அப்ப பரவாயில்ல!" என்று இடப்பக்கத்தால் அணைத்துக்கொண்டாள்.

நிமலனுக்குப் போன் போனது. அவன் டொக்டர் அம்மாவிடம் கொடுத்தான். டொக்டர் அம்மா வரிசையாகக் கேட்டார். உடம்பு முழுக்கவா? காய்ச்சல் இருந்ததா? அந்த நேரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் வந்ததா? போன் பீலியடியில் கை மாறி மாறிப் போனது. கடைசியில் ஜெயலெட்சுமியின் காதுக்கு வந்தபோது அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"இவ்வளவு சாட்சி எனக்கு எந்த நோயாளிக்கும் கிடைச்சதில்ல. ஒருக்கா அம்மை வந்த உடம்பு அனேகமா அதை மறக்காது. பிள்ளைக்கும் அது காவல். இரத்த முடிவு வரும் வரைக்கும் கவனமா இருப்பம். ஆனா நான் இன்றைக்கு நிம்மதியா நித்திரை கொள்ளுவன். நீங்களும் கொள்ளுங்க."

ஜெயலெட்சுமி திரும்பி வந்த பஸ்ஸில், பக்கத்தில் இருந்தவளுக்கும் முன் சீட்டுக்காரிக்கும் கண்டக்டருக்கும் முழுக் கதையும் சொல்லி முடித்தாள். அக்கி வந்தால் மூடிக் கட்டணும், கையைக் கழுவணும், அம்மை வராதவங்களையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் தொடக்கூடாது, கொப்புளம் கண்டதும் ஆஸ்பத்திரிக்கு ஓடணும் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். பண்டாரவளையில் இறங்கும்போது, "அக்கா, உங்களை ரேடியோவுல விட்டா சனத்துக்கு நல்லது" என்றார் கண்டக்டர்.

வளைகாப்புக்கு முந்திய நாள் யோகமலர் படியேறி வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே ஜெயலெட்சுமிக்குத் தெரிந்துவிட்டது. "இருக்குதாம் அக்கா! அம்மையை எதிர்க்கிற சக்தி சுதர்ஷினியின்ர இரத்தத்தில நல்லா இருக்குதாம்!" என்று சொல்லி முடிப்பதற்குள், அந்தச் செய்தி ஜெயலெட்சுமியின் வாயால் கீழ் லயத்தை எட்டிவிட்டது. யோகமலர் அவளுடைய இடுப்பையும் பார்த்தாள். எல்லாம் காய்ந்து பொருக்கு விட்டிருந்தது.

"நாளைக்கு நீங்களே வளையல் போடலாம்."

மறுநாள் கொஸ்லந்தையிலிருந்து வான் வந்து நின்றது. முதலில் இறங்கிய புஸ்பராணி மஞ்சக்கறை படிந்த அந்தப் பச்சைச் சேலையைக் கட்டியிருந்தாள். பின்னால் லத்தீப் நானா கட்டுச்சோற்றுப் பாத்திரத்தை இறக்கிக்கொண்டிருந்தார்.

"வளைகாப்புக்குப் பழைய சீலையா?" என்று யாரோ வாயைக் கோணினார்கள்.

"இதுலதான் நேத்து வீடு வீடா மடியேந்தினேன்" என்றாள் புஸ்பராணி. "அந்த மனுசன் என் பேர்ல எடுத்ததை நானும் ஒருக்கா எடுக்கணும்ல? அந்த அரிசிதான் இந்தச் சோறு. முதல் பிடி லத்தீப் நானா போட்டது. இந்தத் தடவை கீழ கொட்டல."

ஜெயலெட்சுமி மருமகளின் கையைப் பிடித்தாள். இத்தனை நாள் தொடாமல் இருந்த கை. கண்ணாடி வளையல் ஒவ்வொன்றாக ஏறியது. வளையல் சத்தத்துக்கு வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது.

"உதைக்குதுடி! உதைக்குது!" என்று ஜெயலெட்சுமி போட்ட சத்தம் மலையில் கொழுந்து எடுத்தவர்களுக்கும் கேட்டது.